இருபத்தாறு டிகிரியும் மொட்டை மாடியும்

மே 12, திங்கள்

காலை ஏழு மணிக்கே ரவிக்கை முதுகில் ஒட்டுகிறது. கத்திரி தொடங்கி ஒரு வாரம்.

விடைத்தாள் திருத்தும் முகாம் இன்று முதல். ஒன்பதிலிருந்து ஐந்து வரை அம்மா வீட்டில் தனியாக.

போன வாரம் ஹாலில் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெயில்தான் காரணம், அறை குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றார் டாக்டர். இரண்டே நாளில் முரளி ஏசி அனுப்பி, ஆள் வைத்து மாட்டியும் விட்டான். கூடவே ஒரு நிபந்தனை. "இதுக்கும் அந்த ரூம் அடங்கலன்னா அம்மாவ நான் கூட்டிட்டுப் போயிடறேன்க்கா. ஊரப்பாக்கத்துல ஒன்பதாவது மாடி. காத்து பிச்சுக்கிட்டுப் போகும்."

தம்பி சொல்வதில் தப்பில்லை. எரிச்சலே அதில்தான்.

அவன் போனை வைத்ததும் அம்மா: "ஒன்பதாவது மாடிக்கு ஏத்திட்டா அப்புறம் என்னை எறக்க மாட்டான்." வேறொன்றும் சொல்லவில்லை. கீரை ஆய்ந்தாள்.

செய்ய வேண்டியவை:
– பழைய தெர்மாமீட்டர், அம்மா அறையில், பீரோ பக்கத்து ஆணியில்.
– தினம் மாலை 6 மணிக்குப் பார்த்து நோட்டில் எழுத.
– மெக்கானிக் பாஷாவுக்கு போன்.
– சிவப்பு மசி பேனா.

மாலை 6: 30½. ஏசி காலையிலிருந்து 18-ல். அப்படி வைத்தால் சீக்கிரம் குளிரும் என்பது முரளியின் நம்பிக்கை. பி.இ. படித்தவன்.

மே 13, செவ்வாய்

பாஷா ஏழு மணிக்கே வந்துவிட்டார். ஏசியைத் திறந்து பார்த்தார், மூடினார்.

"மெஷின் நல்லா கீதுக்கா. இன்னாத்துக்கு 18? எறநூறு வாட்டி சொல்லிட்டேன் ஜனங்களுக்கு. 26-ல வெச்சுக்கோ, ஃபேன ரெண்டுல வுடு, போதும். ஆனா ஒண்ணு, மேல தளம் தோசைக்கல்லு மாதிரி கீது. அதுக்குக் கீழ இது இன்னா பண்ணும், பாவம்?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மெக்கானிக்குகள் எப்போதும் வேறு எதன் மேலாவது பழி போடுவார்கள். எதுவாக இருந்தாலும் அளந்த பிறகு.

ஏசி 26. விசிறி 2. மேற்கு ஜன்னலுக்குத் தடித்த போர்வை. கதவிடுக்கில் அப்பாவின் பழைய வேட்டி, சுருட்டி.

மாலை 6: 28½. இரண்டு டிகிரி குறைவு! ஆச்சரியக்குறி போடும் வழக்கம் எனக்கில்லை.

அம்மா: "என்ன எழுதின?"
"கொறைஞ்சிருக்கு."
"எவ்ளோ?"

சொன்னேன். முகத்தில் ஒரு திருப்தி. என் நோட்டில் இவளுக்கு இத்தனை அக்கறையா.

மே 15, வியாழன்

28. நேற்றும் 28. முறை சரி என்று ஆகிவிட்டது. முரளிக்குச் செய்தி அனுப்பினேன். பதிலுக்குக் கட்டைவிரல் படம்.

அம்மாவுக்கு உள்ளங்கால் எரிகிறதாம். தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். பாதம் சிவந்திருந்தது. "வயசானா அப்படித்தான்," என்றாள். முகாமில் மோர் புளிப்பு. ஒரு பையன் வெப்பக் கடத்தலுக்குப் பதில் வெப்பநிலையைப் பற்றி மூன்று பக்கம். பாவம் பார்த்து அரை மதிப்பெண்.

வேட்டியை இடுக்கில் திணிக்கும்போது அந்தப் பழைய ஞாயிற்றுக்கிழமைகள். சாப்பாடு முடிந்ததும் அம்மா சிவப்புத் தரையை ஈரத்துணியால் துடைப்பாள். பாய் கிடையாது. வெறுந்தரையில் ஒரு ஓரம் நான், மறு ஓரம் முரளி, நடுவில் அம்மா. கால்மாட்டில் பச்சை டேபிள் ஃபேன், தலையைத் திருப்பித் திருப்பி. அப்பா சாய்வு நாற்காலியில், காற்றே வராத மூலையில். காற்றோடு சேர்ந்து முரளி உருண்டு வருவான், அம்மா மேல் மோதி அடி வாங்குவான்.

ஓரத்தில் இருப்பவர்களுக்குக் காற்று ஒரு சுற்றுக்கு ஒருமுறை. நடுவில் இருப்பவருக்குப் போகும்போது ஒன்று, திரும்பும்போது ஒன்று. அம்மாவை நடுவில் படு என்று சொன்னது அப்பா. வகுப்பில் அலைவியக்கம் நடத்தும்போது, முப்பது வயதுக்கு மேல்தான் எனக்கு அது உறைத்தது. அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மே 18, ஞாயிறு

மோசமான நாள்.

முகாம் விடுமுறை. நாள் முழுக்க வீட்டில் நான். ஏசி 26, விசிறி 2, போர்வை, வேட்டி, எதிலும் மாற்றமில்லை. மூன்று மணிக்கு 30. நாலு மணிக்கு முரளி வந்தபோது 31.

சட்டைப் பட்டனைக் கழற்றிக்கொண்டே, "இதுவாக்கா 28?"

"நேத்து வரைக்கும் 28தான்."

"உன் தெர்மாமீட்டர் நான் வர்ற அன்னிக்கு மட்டும் லீவா?"

சிரிக்கவில்லை நான். அவனும்தான். விசிறியை ஐந்தில் வைத்தான், அனல்தான் இறங்கியது. அம்மா கையைப் பிடித்துப் பார்த்தான். "அடுத்த ஞாயிறு கார் எடுத்துட்டு வரேன்மா. துணி மட்டும் எடுத்து வெச்சுக்கோ. ஜூன் வரைக்கும்."

"ஜூனுக்கு அப்புறம்?" என்றாள் அம்மா.

"அப்புறம் பாக்கலாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் பார்ப்பது போல. பகல் முழுக்க ஒரே கேள்வி வேறு: "கடைக்குப் போகலையா? உன் ஃப்ரெண்டு மாடம்பாக்கம் கோயிலுக்குக் கூப்பிட்டாளே, போகலையா?" என்னை விரட்டுவதிலேயே குறி.

ஆறு நாள் அளவு, ஏழாவது நாள் பொய். எங்கே தப்பு?

மே 19, திங்கள்

தப்பு தெரிந்துவிட்டது.

முகாமில் தாள்கள் தீர்ந்துபோய், இரண்டு மணிக்கே விட்டுவிட்டார்கள். வீடு வந்து சேர இரண்டே முக்கால். அம்மா அறையில் ஏசி ஓடுகிறது, கட்டில் காலி. பாத்ரூமில் இல்லை. தலைக்கு மேலே பக்கெட் இழுபடும் சத்தம்.

மொட்டை மாடி. டேங்க் குழாயடியில் அம்மா, புடவையைத் தூக்கிச் செருகி, தலையில் ஈரத் துண்டு, வெறுங்கால். பக்கெட்டைச் சாய்த்துத் தளத்தில் ஊற்றுகிறாள். விழுந்த தண்ணீர் ஆவியாகிற வாடை.

"நீ ஏன் இவ்ளோ சீக்கிரம் வந்த?" குற்றம் என் மேல்.

"எத்தனை நாளா?"

"எட்டு பக்கெட்தான்."

"நாளைக் கேட்டேன்மா."

"பாஷா வந்துட்டுப் போன அன்னிலேர்ந்து. நேத்துதான் முடியல. நீ எங்கயாவது போவேன்னு பாத்தேன், அசையவே இல்ல."

"மயக்கம் போட்டு விழுந்திருந்தா?"

"விழலையே."

கைத்தாங்கலாகக் கீழே கூட்டி வந்தேன். பாதத்தைத் தண்ணீரில் வைத்தேன். அப்போதுதான் கத்தினேன், நெடுநாளைக்குப் பிறகு. பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நீ நோட்டுல எழுதற நம்பர் கொறையணும். இல்லன்னா அவன் கூட்டிட்டுப் போயிடுவான். எனக்குத் தெரிஞ்ச வழி இதானே. உங்கப்பா தெனம் சாயங்காலம் ஊத்துவார், பங்குனியில சுண்ணாம்பு அடிப்பார். அவர் போன பெறகு மேல யாரு ஏறினா?"

நான் ஏறவில்லை. நான்கு வருடம். தளம் கறுத்துக் கிடக்கிறது. கறுப்பு வெப்பத்தை உறிஞ்சும், வெள்ளை திருப்பி அனுப்பும் என்று இருபத்து மூன்று வருடமாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

முரளியிடம் சொல்லவில்லை.

மே 22, வியாழன்

இரண்டு நாள் விடுப்பு. நேற்று விடியலில் தளத்தைத் தேய்த்துக் கழுவல். வெயிலேறுவதற்குள் முதல் பூச்சு. இன்று இரண்டாவது. சுண்ணாம்பு, கொஞ்சம் பசை, நீளக் கைப்பிடி பிரஷ்.

மாடிப்படி அடியில் நாற்காலி போட்டு அம்மா. மேலே ஏற மாட்டேன் என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். வாய்க்கு வாங்கவில்லை.

"தண்ணியா கலக்காத."
"கலக்கல."
"டேங்குக்குக் கீழ விட்டுடாத. உங்கப்பா அங்கதான் குனிய சோம்பல்பட்டு விட்டுடுவார்."

குனிந்து பார்த்தேன். உண்மை. அந்த இடத்தில் மட்டும் பழைய சுண்ணாம்பின் தடமே இல்லை. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

முன்பெல்லாம் மூன்று மணிக்குக் கடல் காற்று இந்த மாடிக்கு வரும். இப்போது கிழக்கே நாலு மாடி ஃபிளாட், வரிசையாக ஏசி பெட்டிகள், எல்லாம் நம் பக்கம் ஊதுகின்றன. நம்முடையது யார் பக்கம் ஊதுகிறதோ.

மாலை 6: 28½. தண்ணீர் ஊற்றாமல். ஒரே நாள் அளவு. நம்புவதற்கில்லை.

மே 24, சனி

நேற்று 28. இன்றும் 28. மாலையில் வெயில் இறங்கியதும் நான் எட்டு பக்கெட்.

அம்மா பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். நாலு புடவை, மாத்திரை டப்பா, அப்பா படம். பை கதவோரம்.

மே 25, ஞாயிறு

நல்ல வெயில். மேகமே இல்லை.

முரளி பன்னிரண்டரைக்கு, காரோடு. வந்ததும் தெர்மாமீட்டர். 28. ஆணியிலிருந்து எடுத்து உதறிப் பார்த்தான். மறுபடி மாட்டினான். மாடிக்குப் போய்விட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினான். "என்னக்கா, கண்ணு கூசுது." பக்கெட்டைப் பற்றி அப்போதுதான் சொன்னேன், முழுசாக. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா, எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."
"சொன்னா அன்னிக்கே தூக்கிட்டுப் போயிருப்ப."

வத்தக்குழம்பு, அப்பளம். முரளி மூன்றாவது முறை சோறு போட்டுக்கொண்டான்.

சாப்பிட்டதும் அம்மா தன் அறைத் தரையை ஈரத்துணியால் துடைத்தாள். பரணிலிருந்து பச்சை டேபிள் ஃபேனை முரளியே இறக்கினான். ஓடுகிறது, கரகரப்போடு. ஏசி 27. சுவரோரம் போய்ப் படுத்தான். யாரும் சொல்லவில்லை. நான் இந்த ஓரம். நடுவில் அம்மாவுக்கு இடம்.

ஐந்து நிமிடத்தில் முரளியின் குறட்டை. தலையில் நரை.

மூன்றரை மணி. அம்மா எழுந்தாள். கதவோரத்துப் பையைத் திறந்து, புடவைகளை ஒவ்வொன்றாகப் பீரோவில் அடுக்கினாள், சத்தம் வராமல். அப்பா படத்தை அதன் ஆணியில் மாட்டினாள். திரும்ப வந்து நடுவில் படுத்தாள்.