லைன் வரிசையில் அம்மாவின் இடம்

பாலோ,
வியாழக்கிழமை.

அன்பு மகள் ரூபினிக்கு அப்பா எழுதுவது. மெல்பர்னில் நீ ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நாங்களும் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை தயங்குகிறது. போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். என் வாட்சாப்பை உன் அம்மாவும் திறந்து படிப்பாள், போனில் பேசினால் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊருக்குத் திரும்பும் ஷர்மினியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன். போன வாரம் அம்மாவுக்கு லேசாகத் தலை சுற்றியது என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா, அது லேசு இல்லை கண்ணு. எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை.

அன்று உன் அத்தை மகள் ஷாமளாவையும் அவள் புது மாப்பிள்ளை காளிதாஸையும் விருந்துக்கு அழைத்திருந்தோம், மாப்பிள்ளையின் அப்பா அம்மாவும் பத்து பாகாட்டிலிருந்து கூடவே வந்திருந்தார்கள். அம்மா காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூர் ஆபீஸிலிருந்து அவசரமாக ஒரு வீடியோ மீட்டிங், முகம் தெரிகிறது, பேச்சு விட்டு விட்டு வருகிறது என்று கூச்சத்தோடு சொன்னார். நம் தாமான் குடியிருப்புக்கு ஃபைபர் இன்னும் வரவில்லை, சிம் கார்டு போட்ட அந்த வைஃபை பெட்டிதான், மழை இருட்டினால் அதுவும் படுத்துவிடும் என்பது உனக்குத் தெரியும். அதற்காகத்தானே போன தடவை வந்தபோது, லைன் கொடுப்பதில் அம்மா போனுக்கு முதல் இடம், டிவிக்குக் கடைசி இடம் என்று நீ வரிசை போட்டுக் கொடுத்தாய். அந்த வரிசையை மாற்றுவது எப்படி என்று அம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்தாய் பார், அதுதான் வினையாகப் போயிற்று. வந்தவங்க இருக்கறப்ப நம்ம போனு முன்னுக்கு நிக்கறது நல்லாவா இருக்கு, மாப்பிள்ளைக்கு மொதல்ல குடுப்போம்லா என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை போனை மேலே ஏற்றித் தன்னுடையதைக் கீழே இறக்கிவிட்டாள். பந்தியில் இலை போடுகிற மாதிரியே லைனையும் பரிமாறிவிட்டாள். நானும் அருகில் நின்று சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சாப்பாட்டுக்கு முன்னால் போடும் இன்சுலின் ஊசியை அம்மா நேரத்துக்குப் போட்டுக்கொண்டாள். ஆனால் சாப்பிடவில்லை. அவர்கள் சாப்பிட்டு எழுந்திருக்கட்டும், அப்புறம் நான் என்றாள். சீனி இறங்கும்போது போன் பீப் பீப் என்று கத்தினால் வந்தவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அதன் சத்தத்தையும் குறைத்து அலமாரியில் வைத்துவிட்டாள். மழை பிடித்துக்கொண்டது, பின்கட்டு சிங்க் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே கேட்கவில்லை. கையில் ஒட்டியிருக்கும் சென்சார் சீனி அளவைப் போனுக்குச் சொல்லும், போன் உனக்குச் சொல்லும், இறங்கினால் நீ உடனே கூப்பிடுவாய், அந்தத் தைரியத்தில் நான் முன்கூடத்தில் சம்பந்தியோடு செம்பனை விலை பேசிக்கொண்டிருந்தேன். உன் போன் வரவில்லை, ஆகவே எல்லாம் சரி என்று நினைத்தேன்.

ரசம் எடுக்கப் போன ஷாமளாதான் ஓடி வந்து, மாமா, அத்தைய வந்து பாருங்க, கேட்டா பதிலே பேச மாட்றாங்க என்றாள். போய்ப் பார்த்தால் உன் அம்மா கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறாள், உடம்பெல்லாம் வேர்வை, புடவை நனைந்திருக்கிறது. செல்லம் என்று கூப்பிட்டேன். என்னைப் பார்த்து, நீங்க யாருங்க, வந்தவங்க சாப்பிட்டாங்களா என்று கேட்டாள். விருந்துக்குக் கலந்து வைத்திருந்த இனிப்பு சிராப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தோம், அப்புறம் சோறு ஊட்டினேன், மெல்ல மெல்லக் கண் தெளிந்து, ஏன் எல்லாரும் இங்க நிக்கறீங்க என்று கோபித்துக்கொண்டாள். அதன் பிறகுதான் என் போனைப் பார்த்தேன். அம்மா நல்லா இருக்காங்க, நீங்க விருந்த கவனிங்கப்பா என்று நீ எழுதியிருந்தாய். அம்மா போனுக்கு லைன் கிடைக்காமல், அவள் காலையில் நன்றாக இருந்தபோது வந்த சீனி எண்தான் உன் பக்கம் அப்படியே நின்றிருக்கிறது. அவள் விழப் பார்த்த நேரத்தில் நீ நல்ல எண்ணைப் பார்த்து நிம்மதியாக இருந்திருக்கிறாய்.

பழையபடி அம்மா போனை முதலில் வைத்துவிட்டேன், ஆனால் நான் அழுத்தியது நிற்கிறதா என்று நிச்சயமில்லை, நீயே அங்கிருந்து ஒரு தடவை பார். உன்னைத் தவிர யாரும் மாற்ற முடியாதபடி பூட்டிவிடு. அவள் போனுக்குத் தனி டேட்டாவும் போட்டேன், ஆனால் சிக்னல் கோபுரம் அதே கோபுரம்தானே. எண் அசையாமல் நின்றால் நல்ல எண் என்று நம்பாதே, உடனே கூப்பிடு, வாட்சாப்பில் வேண்டாம், அதுவும் அந்த லைனில்தான் வரும், சாதாரண போனில் கூப்பிடு. நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு ராஜம்மா அக்காவைக் கூப்பிடு, அவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போதெல்லாம் மேகம் கறுத்தாலே நான் அந்தப் பெட்டியின் விளக்கைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன், என்னங்க அதுல படமா ஓடுது என்று அவள் கேலி செய்கிறாள். நானும் சிரித்து மழுப்புகிறேன். புருஷன் யாரென்று தெரியாத நேரத்திலும் வந்தவர்கள் சாப்பிட்டார்களா என்பது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை. அதுதான் என் பயம். அடுத்த விருந்துக்கும் அவள் இதையே செய்வாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொண்டு போ. நீ தீர்க்காயுசாக, நினைத்ததெல்லாம் கைகூடி இருக்க வேண்டும் என்று அம்மன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். ஒன்றை மறக்காதே. பொங்கலுக்கு நீ வரும்போது, தூரத்திலிருந்து வந்த பிள்ளை என்று அம்மா உனக்குத்தான் முதலில் இலை போடுவாள், உன் போனைத்தான் முதலில் ஏற்றச் சொல்வாள். விட்டுக்கொடுக்காதே. அவள் ஒரு வாய் சாப்பிட்ட பிறகு நீ உட்கார்.

உன் அன்பு அப்பா,
குணாளன்