அக்கா வரச்சொன்ன ஜமீன் கோயில்

மே 14, வியாழன்

கத்திரி வெயில். குவார்ட்டர்ஸில் காலையிலிருந்து தண்ணீர் இல்லை. ஃபேக்டரியில் சட்டைக் கை தைத்துத் தைத்துத் தோள்பட்டை விட்டுப்போச்சு.

மதியம் போன். சரோஜா அக்கா! நான் அந்தோணியை சர்ச்சில் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பேசாதவள். பதினெட்டு வருடம்.

"இன்னாடி கலா, நல்லா கீறியா? சனிக்கெழம ஜமீன் கோயிலுக்கு வா. பேசணும்."

வீட்டுக்கு ஏன் கூப்பிடவில்லை? கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

வாங்க: துவரம்பருப்பு, அ.வுக்கு முட்டித் தைலம், சோப்பு.

மே 16, சனி

ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரை பஸ்ஸில் நின்றபடியே. பிறகு ஷேர் ஆட்டோ. வாசலில் பூக்காரம்மா: "செருப்ப இங்கியே உடும்மா, யாரும் எத்துகினு போமாட்டாங்க."

பெரிய கோயில். அந்தக் காலத்து ஜமீன்தார் கட்டியது. ஒரே மதிலுக்குள் சிவன், பெருமாள், முருகன். குளம் வறண்டு கிடக்கிறது. அக்காவுக்குத் தலை முழுக்க நரை. பிரகாரத்துக் கல் சுட்டது; என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். சின்ன வயதில் ஓடுவது போல. அந்த ஒரு நிமிடம் நன்றாக இருந்தது.

அர்ச்சனை. என் பெயர், நட்சத்திரம் எல்லாம் அக்காவே சொன்னாள். மறக்கவில்லை. "வீட்டுக்காரர் பேரும்மா?" குருக்கள் என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பதற்குள் அக்கா, "அவ்ளோதான் சாமி, போதும்."

மண்டபத் தூணில் ஜமீன்தார் சிலை. கைகூப்பியபடி. இரண்டு பக்கமும் இரண்டு மனைவிகள். அவரை யார் என்ன கேட்டிருக்கப் போகிறார்கள்?

தூணடியில் உட்கார்ந்து பத்திரிகை கொடுத்தாள். அவள் மகள் தீபாவுக்குக் கல்யாணம்.

"நீ கண்டிப்பா வரணும். அவரு வேணாம் கலா. மாப்ள ஊட்ல ஒரு மாதிரி. வெளியூர்ல கீறாருன்னு சொல்லிக்கிறேன்."

பத்திரிகையைப் பையில் வைத்துக்கொண்டேன். நடை சாத்தும் நேரம், கிளம்பச் சொன்னார்கள். பசி. உள்ளங்கால் எரிச்சல்.

மே 17, ஞாயிறு

அ. சர்ச்சில் பூசைக்குப் போய்வந்ததும் பத்திரிகையைப் பார்த்தார். எல்லாம் சொல்லிவிட்டேன்.

"நீ போய்ட்டு வா. எனக்கு டூட்டின்னு சொல்லிடு."

கோபப்பட்டிருந்தால் தேவலை. பீரோவிலிருந்து என் பட்டுப்புடவையை எடுத்து, அவரே ஜன்னலோரம் காற்றாட விரித்தார்.

மே 18, திங்கள்

காய்ச்சல் என்று லீவு. காய்ச்சல் இல்லை. எழுந்திருக்கத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

பத்து மணிக்கு அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அவருக்கு டூட்டியும் இல்ல, வெளியூரும் இல்லக்கா. ஊட்லதான் கீறாரு. வந்தா ரெண்டு பேரும் வருவோம். இல்லன்னா நானும் வரல."

அங்கே குக்கர் விசில் இரண்டு. வைத்துவிட்டாளோ?

"ரெண்டு பேரும் வாங்க," என்றாள். "முன்னாடி மட்டும் ஒக்காராதீங்க."

சரி என்றேன். அதற்கு மேல் சண்டை போட முடியவில்லை.

சாயங்காலம் அ. வந்ததும், ரெண்டு பேரும் போகிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். முன்வரிசையில் உட்காரக்கூடாது என்றதைச் சொல்லப்போவதில்லை.