புதருக்குள் அடித்த போன்

அன்பு மகனுக்கு, அம்மா மனம் நிறைந்த ஆசியோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் எல்லோரும்தான், யாரையும் கழித்துவிட்டுச் சொல்லவில்லை. அங்கே உன் உடம்பு எப்படி இருக்கிறது? வேளாவேளைக்குச் சாப்பிடு.

முதலில் நம் பிள்ளைகள் சேதி. உன் அக்காவின் பெரியவன் வங்கியில் மேலாளர் ஆகிவிட்டான். தனி அறை, கண்ணாடிக் கதவு. அவனைப் பார்க்க நானே வெளியே உட்கார்ந்து காத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள். சின்னவள் நீச்சலில் முதலாவதாக வந்து கோப்பை வாங்கியிருக்கிறாள். அதில் ஒரு படி அரிசி கொள்ளும், அளந்தே பார்த்துவிட்டேன். அப்புறம் உன் மகள். அவள் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால்தான் அக்காவின் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன். நம் குருவிதான் அந்தக் காட்டில் பயணிகளுக்குச் சுற்றிக்காட்டும் வண்டி ஓட்டுகிறவர்களில் ஒரே பெண். "குருவி வண்டி இருக்கா"ன்னு கேட்டு, காத்திருந்து ஏறுகிறார்கள். பட்டம் வாங்கிய பிள்ளை ஸ்டியரிங் பிடிப்பதா என்று நீ அவளோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகிறது. நாங்கள் அவளை நினைத்துத் தலை நிமிர்ந்துதான் நடக்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டுக் கூப்பிட்டும் நான் எடுக்காததால் அக்காவிடம் சத்தம் போட்டாயாம். அம்மா காட்டில் போனைத் தொலைத்துவிட்டாள் என்று அவள் சொல்லியிருக்கிறாள். பொய் இல்லை. ஆனால் நடந்தது அவ்வளவு மட்டும் இல்லை.

அங்கே ஓட்டுநர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றிக்கொள்ளலாம். போன வருஷம் அந்த இடத்தை அவள் யாருக்கும் தரவில்லை. யாருக்காக வைத்திருந்தாள் என்று நான் கேட்கவில்லை. இந்த வருஷம் என்னைக் கூப்பிட்டாள். காலையிலேயே கிளம்பினோம். பின்னால் ஒரு பல் டாக்டரும் அவர் மனைவியும், புதிதாகக் கல்யாணம் ஆன ஒரு ஜோடியும். காட்டு வாசலில் ஒவ்வொருவர் போனையும் வாங்கி, தன் கையாலேயே அணைத்துக் கொடுத்தாள். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. என் போன் எப்போதும் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல்தான் இருக்கும், அது அவளுக்குத் தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடுவாயே என்று அன்றைக்குப் பையில் போட்டு எடுத்துப்போயிருந்தேன்.

மான் பார்த்தோம், காட்டெருமை பார்த்தோம். பல் டாக்டருக்குப் புலி வேண்டுமாம். "காசு கொடுத்தது மான் பாக்கவாம்மா?"ன்னு அவர் கேட்க, "புலிக்கு நீங்க வர்றது தெரியாது சார், தெரிஞ்சிருந்தா பல்லைக் காட்ட வந்திருக்கும்"னு இவள் சொன்னாள். எல்லோரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே ஒரு வளைவில் திரும்பினால், எதிரே பாதையை அடைத்துக்கொண்டு யானை. ஒரே தந்தம். ஒற்றைக் கொம்பன் என்று பேர், அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அதன்மேல் பயம். ஒரு பக்கம் பள்ளம், மறு பக்கம் அடர்ந்த மூங்கில்.

குருவி வண்டியை அணைத்தாள். கையை மட்டும் பின்னால் நீட்டி, அசையாதீர்கள் என்று காட்டினாள். யானை காதை விரித்து நின்றது. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்ததும் காதை மடக்கி மெதுவாகப் பக்கவாட்டில் திரும்பியது. இன்னும் கொஞ்ச நேரம் பொறுத்திருந்தால் போயே போயிருக்கும்.

அப்போதுதான் நீ கூப்பிட்டாய்.

அம்மாவுக்குக் காது மந்தம் என்று நீதானே சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்துவிட்டுப் போனாய். அந்த அமைதியில் என் பை அலறியது. யானை சட்டென்று திரும்பி, தும்பிக்கையைச் சுருட்டிக்கொண்டு எங்களை நோக்கி வந்தது. டாக்டர் "அணைங்க, அணைங்கம்மா"ன்னு முனகுகிறார், எனக்குப் பையின் ஜிப்பே பிடிபடவில்லை. குருவி பையைப் பறித்துப் போனை எடுத்தாள். எடுத்தவள் ஒரு நொடி அதையே பார்த்தாள். பிறகு வலுவெல்லாம் சேர்த்துப் பள்ளத்துப் பக்கம் தூரத்துப் புதருக்குள் வீசினாள். அங்கே விழுந்தும் அடித்து, அப்புறம் ஓய்ந்தது. யானை நின்றது. எங்களைப் பார்த்தது. இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

நீ ஒரு தடவையோடு விடுகிற ஆளா? மறுபடி கூப்பிட்டாய். யானை புதர்ப் பக்கம் தலையைத் திருப்பியது. ஓய்ந்ததும் திரும்பவும் கூப்பிட்டாய். அது பள்ளத்தில் இறங்கிப் புதரை மிதிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தோடு சத்தமாக இவள் வண்டியைக் கிளப்பி, திருப்ப இடமில்லாத அந்தப் பாதையில் பின்பக்கமாகவே, வண்டி திருப்ப இடமுள்ள தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கொண்டுவந்துவிட்டாள். உன் பிடிவாதத்தை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்றைக்குத் திட்டவில்லை.

வாசலில் இறங்கியதும் டாக்டர், "பொம்பளப் புள்ளை கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்"னு ஆரம்பித்தார். அவர் மனைவி, "அந்தப் புள்ளை இல்லன்னா நீங்க இப்ப பேசவே மாட்டீங்க, வாயை மூடிக்கிட்டு இறங்குங்க"ன்னு ஒரே போடாகப் போட்டாள். ஆனால் வன அதிகாரி விடவில்லை. போனை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டார். "எங்க பாட்டியோடது சார், பாக்காம விட்டது என் தப்பு" என்றாள். நான் குறுக்கே போய் என் தப்பு என்றேன், அவர் கேட்டுக்கொள்ளவில்லை. விசாரணை முடியும்வரை அவள் வண்டி எடுக்கக்கூடாதாம். இப்போது மற்றவர்கள் ஓட்டிவரும் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டது யார் என்று அங்கே ஒருவரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்குப் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். என்ன சொல்லி அழப்போகிறாளோ என்று பார்த்தால், "அப்பா இளைச்சிட்டாரே பாட்டி" என்றாள். நீ கூப்பிட்டால் போனில் உன் முகம் வருமே, அந்த ஒரு நொடியில் அதைத்தான் பார்த்திருக்கிறாள். "அது போன வருஷத்துப் படம்டி, அவன்கிட்ட நடந்ததைச் சொல்லட்டுமா?" என்றேன். "வேண்டாம், பயந்துடுவாரு" என்றாள்.

அவள் வேண்டாம் என்றதை நான் எழுதிவிட்டேன். நீ பயந்தாலும் பரவாயில்லை. ஆனால் "இதுக்குத்தான் அப்பவே சொன்னேன்" என்று மட்டும் எழுதிவிடாதே கண்ணா. அந்த வேலை அவளுக்குத் திரும்பக் கிடைக்குமோ கிடைக்காதோ தெரியாது. அது நம் கையில் இல்லை. வண்டி கழுவிய நேரம் போக, குவார்ட்டர்ஸ் அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். நான் துணைக்கு வருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள்.

அக்கா எனக்குப் புதுப் போன் வாங்கித் தரப்போகிறாள். அதில் உன் முகம் இருக்காது. நன்றாகச் சாப்பிட்டு, முகம் மழித்து, புதிதாக ஒரு போட்டோ எடுத்துக் காகிதத்தில் அச்சுப்போட்டுத் தபாலில் அனுப்பு. என் விலாசத்துக்கு வேண்டாம். குருவியின் விலாசத்தைத் தனிச் சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அங்கே அனுப்பு. எனக்கு அவள் காட்டுவாள்.

உங்கள் இருவரையும் ஒன்றாக நினைத்துக்கொண்டே,
அம்மா