தெற்கு வாசலில் விரித்த குடை

இன்று காலை காலனிக் கூடத்துக்குக் கிளம்பும்போது, என் மனைவி சாவித்திரி பரணிலிருந்து அந்தக் கறுப்புக் குடையை எடுத்துக் கொடுத்தாள். "திரும்பும்போது வெயில் கொளுத்தும். அவர் குடையை எடுத்துக்கலாம்" என்றாள். கம்போடியாவிலிருந்து திரும்பிய அன்று நீ அவளிடம் கொடுத்த குடை. நீ இறந்துபோய் ஒரு வருடமாகிவிட்டது. என் வீட்டுப் பரணில் கிடந்தாலும் அது இன்னும் 'அவர் குடை'தான்.

பள்ளியில் நம் இருவருக்கும் ஒரே வகுப்பு, பிறகு சேலையூரில் ஒரே தெரு. மதிப்பெண்கள் எனக்கு, மனிதர்கள் உனக்கு என்று சிறுவயதிலேயே பாகம் பிரிந்துவிட்டது. என் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை.

காலனிக்காரர்கள் சேர்ந்து கம்போடியா போனபோது, அது ஒரு முறையாவது மாறும் என்று நம்பினேன். கல்லூரியில் வரலாறு கற்பிக்கிறவன் என்பதால், கோயில்களைத் தமிழில் விளக்கும் பொறுப்பு எனக்கு. மாதக்கணக்கில் படித்தேன். நீ ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. குடை மட்டும் கொண்டுவந்தாய்.

அங்கோரின் தெற்கு வாசல் ஞாபகமிருக்கிறதா? ஏப்ரல் வெயில். நம் ஊர் வெயிலே தேவலை என்று எல்லோரும் முனகினார்கள். பாலத்தின் ஒரு பக்கம் தேவர்கள், மறுபக்கம் அசுரர்கள், இரு தரப்பார் கையிலும் பாம்பு. எதிரே வாசல் கோபுரத்தில் நான்கு திசையும் பார்க்கும் பெரிய கல்முகங்கள். அவை போதிசத்துவரா, அரசனா என்று அறிஞர்கள் மாறுபடுவதை நான் சொல்லத் தொடங்கியதும், எதிர்வீட்டு அம்மாள் கேட்டார்: "சார், நம்மகூட வந்த சமையல்காரர் தயிர் சாதம் எப்போ தருவார்?"

அப்போதுதான் நீ குடையை விரித்து உயரத் தூக்கினாய்.

"எல்லாரும் இங்க பாருங்க. இது நம்ம தாம்பரம் ஸ்டேஷன். இந்தப் பக்கம் சிரிச்ச மூஞ்சியா இருக்கறவங்க, காலையில பீச் லோக்கல் ஏறறவங்க. அந்தப் பக்கம் மொறைக்கறவங்க, சாயந்திரம் அதே வண்டியில திரும்பி வர்றவங்க. மேல நாலு பக்கமும் பாக்கறாரே, அவர்தான் டி.டி.ஆர்."

அவ்வளவுதான். வாடிக்கிடந்த கூட்டம் நிமிர்ந்துவிட்டது. சாவித்திரி உன் குடை நிழலில் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எத்தனையோ வருட மணவாழ்க்கையில் என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்ததில்லை. அதன் பிறகு எல்லோரும் அந்தக் குடைக்குப் பின்னால்தான் நடந்தார்கள், நானும்தான்.

விடுதியில் உன்னிடம் பொரிந்து தள்ளினேன். நீ அலட்டிக்கொள்ளவில்லை. "நீ சொன்னதெல்லாம் கரெக்ட்டுடா வாத்தியாரே. ஆனா வெயில்ல நிக்கறவனுக்குக் கரெக்ட்டை வச்சுகினு இன்னாடா பண்றது?" என்றாய். வேண்டுமென்றேதான் அப்படிப் பேசினாய், எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது என்று தெரிந்தே. இன்றுவரை உன்னை நான் மன்னிக்கவில்லை.

உன் உடல் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோதும், சுற்றி நின்றவர்கள் அந்த டி.டி.ஆர். கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

காலனியில் புதிதாக ஒரு கூட்டம் கம்போடியா போகிறது. அவர்களுக்காகத்தான் இன்று பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பாதியில் மின்சாரம் நின்றது. விசிறிமட்டைகளாகப் பத்திரிகைகள் அசையத் தொடங்கின. நான் பேச்சில் போதிசத்துவர் வரை வந்திருந்தேன். எதிரே வாடி உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களைப் பார்த்தேன். எனக்குப் பழக்கமான முகங்கள். குறிப்புகளை மடித்து வைத்துவிட்டு, "இது நம்ம தாம்பரம் ஸ்டேஷன்" என்றேன்.

சிரித்தார்கள். கடைசி வரிசையில் சாவித்திரியும்.

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "டி.டி.ஆரை விட்டுட்டீங்களே. அவர் இருந்தா விட்டிருக்க மாட்டார்."

அந்தக் கல்முகங்களை டி.டி.ஆர். என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடையை விரித்தேன். வீடு வரை இருவரும் உன் நிழலிலேயே நடந்தோம். ஒரு பொட்டு வெயில்கூட மேலே படவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.