கதவுப் பிடியில் ஒரு துணிப்பை

ஜூன் 9

இன்றும் பையை மறந்துவிட்டுக் கடைக்குப் போனேன். தக்காளிக்கு ஒரு கவர், வெங்காயத்துக்கு ஒரு கவர். மேசைமேல் வைத்ததை மனைவி பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. முன்பென்றால் "கைய வீசிட்டுப் போயி குப்பைய வாங்கிட்டு வந்திருக்கீங்க" என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்திருப்பாள். பிளாஸ்டிக் கவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவள் போட்ட சட்டம். கடைக்குப் போய்க்கொண்டிருந்ததும் அவள்தான்.

மகள் போன பிறகு அவள் மாடியை விட்டு இறங்குவதில்லை. காய்ச்சல் என்று மருத்துவமனைக்குக் கூட்டிப்போன பிள்ளை, திரும்பவில்லை. "கடையில அவளப் பத்திக் கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அன்றிலிருந்து கடை வேலை என் தலையில்.

திட்டவாவது செய்யமாட்டாளா என்றிருக்கிறது.

ஜூன் 12

துணிப்பைகளைத் தேடி எடுத்துக் கதவுப் பிடியில் மாட்டினேன். அவள் சட்டத்தையாவது காப்பாற்றலாம். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 17

காலையில் பையோடுதான் கிளம்புகிறேன். பட்டறையில் ஆணியில் மாட்டுகிறேன். மாலையில் அங்கேயே விட்டுவிட்டுக் கடைக்குப் போகிறேன். இப்போது பட்டறையில் ஒரு பைக்கடையே வைக்கலாம்; வீட்டில் ஒன்றுகூட இல்லை. ஊரார் வீட்டு ஃபிரிட்ஜையெல்லாம் சரிசெய்கிறவன், என் மண்டையைச் சரிசெய்ய முடியவில்லை.

ஜூன் 18

எல்லாப் பைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கிரீஸ் வாடை. அவளே துவைத்துப் போட்டாள்.

ஜூன் 25

பட்டறை விடுமுறை. கடைக்குக் கிளம்பித் தெருவில் இறங்கிவிட்டேன். பின்னால் குரல்.

"ஏங்க. கைய வீசிட்டுப் போறீங்களே."

திரும்பினால் கடைசிப் படியில் நிற்கிறாள். கையில் பை. வாங்கிக்கொண்டேன். அவள் தெருவை ஒரு தடவை பார்த்தாள். சட்டென்று ஏறிப் போய்விட்டாள்.

ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது அவள் அந்தப் படிக்கு வந்து.

ஜூலை 14

பழக்கம் வந்துவிட்டது. இப்போதெல்லாம் கை தானாகப் பையை எடுக்கிறது. மறக்கவே மாட்டேன் என்கிறது. நல்லதுதானே? என்ன நல்லது — அவள் அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. நான் ஒழுங்காக இருந்தால் அவள் எதற்காக இறங்குவாள்?

ஜூலை 16

வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனேன். கதவைச் சாத்தும்போது பை ஆடியது. பார்க்காத மாதிரி இறங்கினேன்.

"பை எங்கண்ணே? கவர்ல போடட்டுமா?" என்று கேட்டார் காய்க்கடை அம்மா.

"கொஞ்சம் இருங்க" என்றேன். எதற்கு இருக்கச் சொல்கிறேன் என்று அவருக்கு என்ன தெரியும். உருளைக்கிழங்கைப் புரட்டிக்கொண்டே நின்றேன். வரமாட்டாள், நான் ஒரு முட்டாள் என்று முடிவுகட்டிக் கவரைக் கேட்க வாயெடுத்தபோது தெருவில் வருகிறாள். வீட்டுச் செருப்போடு. சுவரோரமாகவே நடந்து.

காய்க்கடை அம்மா அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மகளைப் பற்றிக் கேட்டுவிடுவாரோ, இவள் இங்கேயே உடைந்துபோவாளோ. நான் ஏன் இப்படிச் செய்தேன்?

"இன்னிக்கு தக்காளி நல்லா இல்லக்கா. எடுக்காதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். உருளைக்கிழங்கு பொறுக்கினாள். நான் எடுத்து வைத்திருந்ததில் பாதியைத் திருப்பிப் போட்டாள்.

வரும் வழியில், "வேணும்னுதானே விட்டுட்டுப் போனீங்க?" என்றாள்.

"ஆமா."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் அழுதாள். "கேட்டுடுவாங்கன்னுதான் இத்தன நாள் பயந்தேன். இன்னிக்கு அந்தம்மா ஒரு வார்த்த கேக்கலியே. எத்தன தடவ நம்ம பொண்ணு அந்தக் கடையில நின்னுருக்கா. அவ இருந்தான்னே யாருக்கும் ஞாபகம் இல்லயா?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் மட்டும் என்ன ஒழுங்கு? இந்த வீட்டிலேயே நான் மகள் பேரைச் சொல்வதில்லை. இவள் தாங்கமாட்டாள் என்று நினைத்தேன். எனக்குத்தான் தாங்காது, அதைச் சொல்ல வெட்கம்.

ஜூலை 17

அந்த உருளைக்கிழங்கைச் சமைத்தாள். சாப்பிட்டோம்.

ஜூலை 21

பட்டறையிலிருந்து வந்தபோது வீடு பூட்டியிருந்தது. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். இறங்கி வந்து கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

தெருமுனையில் அவள் வந்தாள். இரண்டு கையிலும் பிளாஸ்டிக் கவர். முகம் வீங்கியிருந்தது.

"எங்க போன?"

"கடைக்குத்தான். பைய எடுக்க மறந்துட்டேன்."

"நீயா?"

"பேசணும்ங்கிற நெனப்புலயே இறங்கிட்டேன்." கவர்களைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவங்க கேக்கலன்னா என்ன, நானே சொல்லிட்டேன்."

"என்ன சொன்ன?"

"எல்லாத்தையும். பொறந்ததுலேருந்து."

மாடி ஏறாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். எனக்கும் சொல் என்றேன். சொன்னாள்.