சம்பந்தி வீட்டில் வாடகை கொடுத்தவருக்கு

இன்று காலை ஏவன்டேல் சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு நின்றபோது சோளமா சுடுகிற வாசம் வந்தது. மீன்காரருக்குப் பக்கத்தில் ஒரு மெக்சிகோக்காரப் பெண் புதிதாகக் கடை போட்டிருக்கிறாள். இரும்புத் தட்டில் மெல்லிய ரொட்டிகளைப் போட்டுக் கையாலேயே புரட்டுகிறாள். நீங்கள் இருந்திருந்தால் லேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, "வா, அங்காலை போவம்" என்று என்னை இழுத்துக்கொண்டு போயிருப்பீர்கள். நான் ஆறுதலாக இரண்டு ரொட்டி வாங்கி, நின்ற இடத்திலேயே தின்றேன். நல்ல ருசி.

அந்த வாசத்தால்தான் இதை எழுதுகிறேன். மனிசி பாசம் பொங்கி எழுதுகிறாள் என்று நினைத்துவிட வேண்டாம்.

நீங்கள் போய் இன்னும் ஒரு வருடம் முடியவில்லை. செத்தவீட்டில் உங்கள் சங்கத்து ஆட்கள் ஒவ்வொருவராக எழும்பி மைக்கைப் பிடித்தார்கள். சாதி சமயம் பாராமல் எல்லோரையும் மதித்த மனிதர் என்று ஒருவர் தழதழத்தார். சொன்னவருக்கும் உண்மை தெரியும், கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் தெரியும். சிரித்துவிடுவேனோ என்ற பயத்தில் நான் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினேன். பாவம், அழுகிறாள் என்று பக்கத்தில் இருந்த பெண்கள் என் முதுகைத் தடவினார்கள். மறுபக்கத்தில் நம் மகள் கௌரி நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். அவளும் நானும் அப்போது மெக்சிகோவில் ஒஹாக்காவில் இருக்கிற, அவள் வாழ்க்கைப்பட்ட அந்த வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மெக்சிகோவுக்கு ஆங்கிலம் படிப்பிக்கப் போன கௌரி, அங்கேயே தியேகோவைப் பதிவுத் திருமணம் செய்தாள். நீங்கள் இங்கே ஊருக்கெல்லாம், மகள் அமெரிக்காவில் மேற்படிப்புப் படிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். மெக்சிகோவும் அமெரிக்கக் கண்டம்தானே என்று என்னிடம் நியாயம் வேறு. அவள் அழுது கேட்டதால், கடைசியில் ஒருமுறை போய்ப் பார்ப்பதற்குச் சம்மதித்தீர்கள். சம்மதிக்காமலே இருந்திருக்கலாம்.

தியேகோவின் வீட்டார் மேல்மாடியில் குடியிருந்துகொண்டு கீழ் அறைகளைப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறவர்கள். சம்பந்தியம்மா லூப்பே காலைச் சாப்பாடு சமைப்பார், சம்பந்தி குழாய் முதல் கூரை வரை பழுது பார்ப்பார், பிள்ளைகள் படுக்கை விரிப்பார்கள். நம் பெண்ணும் அவர்களோடு சேர்ந்து கோப்பை தூக்கினாள். அவள் முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததில்லை. "என்ர பிள்ளையை எடுபிடி வேலைக்கு விட்டிட்டாங்கள்" என்று நீங்கள் அறைக்குள் பல்லைக் கடித்தீர்கள்.

இதைச் சொன்னது யார்? புலம்பெயர்ந்து வந்து இங்கே ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டு, யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரருக்குக் கொம்பனி மனேஜர் என்று கடிதம் போட்டவர். போர்க்லிஃப்ட் ஓட்டியதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை, அதுதான் நமக்குச் சோறு போட்டது. உங்கள் எடுப்புத்தான் எனக்குச் சகிக்கவில்லை.

முதல் நாள் காலை முற்றத்து மேசையில் கறுப்பு பீன்ஸ் மசியலும் சோள ரொட்டியும், மண்சட்டியில் கறுவா போட்டுக் காய்ச்சிய கோப்பியும் வைத்தார்கள். விருந்தாளிகளோடு ஒருநாளும் இருந்து சாப்பிடாத லூப்பே, நாம் சொந்தம் என்பதால் எங்களோடு வந்து இருந்தார். கோப்பி உங்கள் வாய்க்குப் போகும் நேரத்தில் கௌரியிடம் கேட்டீர்கள்: "இவை என்ன ஆக்கள்? தேப்பன்ர தேப்பன் என்ன தொழில் எண்டு கேள்."

உலகத்தின் மற்றப் பக்கத்தில் போய் நின்றும் உங்களுக்கு அதுதான் கேள்வி. கௌரி கேட்டாள். சம்பந்திக்கு வந்த சந்தோசத்தைப் பார்க்க வேண்டுமே! தன் குடும்பத்தைப் பற்றி அறிய ஒருவர் இவ்வளவு தூரம் வந்து ஆசைப்படுகிறாரே என்று சுவரில் இருந்த படத்தையே கழற்றிக்கொண்டு ஓடிவந்தார். தோல் செருப்புத் தைக்கிற ஒரு கிழவர், மடியில் பாதி தைத்த செருப்பு. ஊரிலேயே நல்ல செருப்பு அப்பாவுடையதுதான் என்று சம்பந்தி சொன்னதைக் கௌரி நமக்குச் சொன்னாள். நீங்கள் கோப்பையைக் கீழே வைத்தீர்கள். அதன்பிறகு அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. தெருக்கடைப் பாணும் வாழைப்பழமும்தான்.

அப்பாவுக்கு வயிறு சரியில்லை என்று கௌரி சமாளித்தாள். அதைக் கேட்ட லூப்பே உங்களுக்கென்று தனியாக அரிசிக் கஞ்சி காய்ச்சி, மூடிக் கொண்டுவந்து அறை வாசலில் தந்தார். நீங்கள் அதைப் பூச்சாடியில் ஊற்றினீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

அதோடு விட்டீர்களா? அடுத்த நாள், அறைக் கதவில் ஒட்டியிருந்த வாடகையைப் பார்த்து, அந்தக் காசைக் கொண்டுபோய் மேசையில் லூப்பேயின் முன்னால் வைத்தீர்கள். "நாங்கள் உங்கட ஆக்கள் இல்லை. காசு குடுத்துத் தங்கிறம். இதைச் சொல்லு" என்றீர்கள். சம்பந்தி வீட்டில் வாடகை கொடுக்கிற மனிதரை நம் சனத்தில் யாராவது கண்டதுண்டா? முகத்தில் காறித் துப்பியிருந்தாலும் இதைவிட மரியாதையாக இருந்திருக்கும்.

கௌரி அந்தக் காசை எடுத்து ஒழுங்காக அடுக்கி வைத்தாள். பிறகு அவர்கள் மொழியில் என்னவோ சொன்னாள். லூப்பே வாயில் கையை வைத்தார், கண் கலங்கினார், எழும்பிவந்து உங்களைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் கொஞ்சினார். நீங்கள் மின்கம்பம் மாதிரி நின்றீர்கள். பெண் வீட்டார் முதன்முதல் வந்து தங்கினால் விடிய எழும்பிக் காணிக்கை வைப்பது எங்கள் வழக்கம், அப்பா அதைச் செய்கிறார் என்று அவள் சொல்லியிருக்கிறாள். எனக்கு இரவு சொன்னாள், உங்களுக்குச் சொல்லவில்லை. நீங்களும் விடாமல் ஒவ்வொரு காலையும் காசு வைத்தீர்கள். அந்த மனிசியும் விடாமல் ஒவ்வொரு காலையும் கட்டிப்பிடித்தார். அந்தப் பயணத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதற்கு மட்டும்தான், அதுவும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு.

விமான நிலையத்தில்தான் கௌரி உங்களிடம் வாயைத் திறந்தாள். உங்களுக்கு எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிற பிள்ளை, அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"அப்பா, நீங்கள் சொன்னதில ஒண்டையும் நான் அவைக்குச் சொல்லேல்லை. தெரிஞ்சால், இப்பிடி ஒரு தேப்பனோ எண்டு என்னைப் பாவம் பாப்பினம். நான் அந்த வீட்டில சீவிக்க வேணும்."

நீங்கள் பாஸ்போர்ட்டைத் திறந்து திறந்து பார்த்தீர்கள். அதன்பிறகு அவள் போன் எடுத்தால் என் கையில் தந்துவிட்டு வெளியே போவீர்கள். பேத்தி பிறந்தபோது ஒரேயொரு கேள்வி கேட்டீர்கள்: "நிறம் எப்பிடி?" நீங்கள் இருக்கும்வரை கௌரி இந்த பிளாக்ஹவுஸ் பே வீட்டுப் படி ஏறவில்லை. உங்கள் கௌரவத்துக்கு நான் என் பிள்ளையைக் கொடுத்துவிட்டு இருந்தேன்.

முழுக்கவும் குறை சொன்னால் பாவம். முதியோர் இல்லத்தில் எனக்கு விடியக்காலை வேலை இருந்த குளிர்காலங்களில், எனக்கு முன்னால் எழும்பி என் கார்க் கண்ணாடியில் உறைந்த பனியைத் துடைத்து வைப்பீர்கள். ஒருநாளும் தவறவில்லை. அதை நான் மறக்கவில்லை. அதற்காக மற்றதை மறப்பேன் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம்.

நவம்பரில் அவர்கள் இறந்தவர்களுக்கு வீட்டில் மேசை போட்டு, படம் வைத்து, பூவும் சாப்பாடும் படைப்பார்கள். கௌரி படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். லூப்பே உங்கள் படத்தையும் வைத்திருக்கிறார். செருப்புத் தைத்த கிழவருக்குப் பக்கத்தில், தோளோடு தோள் முட்ட. முன்னால் ஒரு கோப்பை கறுவாக் கோப்பி. எழும்பிப் போக உங்களுக்கு இனிக் கால் இல்லை.

போன கிழமை வீடியோவில் கதைத்தபோது லூப்பேயும் வந்து குந்தினார். அந்தப் படத்தில் இருப்பது யார் என்று பேத்தி கேட்கிறாளாம். காலையில் காணிக்கை வைக்கிற கதையை லூப்பேயே சொல்லியிருக்கிறார். இப்போது பெண்சாதி என் வாயால் ஒரு சொல் வேண்டுமாம், நீங்கள் எப்படிப்பட்ட மனிதர் என்று. கௌரி அதை எனக்குச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"அம்மா, எனக்குக் களைச்சுப்போச்சு. உண்மையைச் சொல்லிவிடட்டோ?"

அவள் பக்கத்தில் இருந்த லூப்பே ஒன்றும் விளங்காமல், பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கஞ்சியை மூடிக் கொண்டுவந்து நின்ற அதே முகம். அந்த மனிசிக்கு நான் எதைச் சொல்ல?

"நீ பேசாமல் இரு பிள்ளை. நான் சொல்லுறன்" என்றேன். அவர்கள் மொழியில் எனக்குத் தெரிந்தது நாலைந்து சொல். அதில் ஒன்றை எடுத்து, லூப்பேயின் கண்ணைப் பார்த்து நானே சொன்னேன். "புவேனோ." நல்லவர்.

லூப்பே அழுதார். கௌரி அழவில்லை, அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். இத்தனை வருடம் அவள் தனியாகச் சுமந்தது இனி என் தலையில். இத்தனை காலம் உங்களோடு குடும்பம் நடத்தி, உங்களைப் பற்றி இன்னொருவரிடம் நான் சொன்ன ஒரே நல்ல சொல் அதுதான். அதுவும் பொய்.