கடைசிப் பாட்டும் ஸ்கூட்டரும்

கோபக்காரருக்கு,

நீங்கள் கோபித்துக்கொண்டு போயிருக்கும் அக்கா வீட்டில் சாப்பாடு ருசியாகத்தான் இருக்கும். அதைக் கேட்க எழுதவில்லை.

நாம் விடாமல் கேட்கப் போகும் ராக் இசைக்குழு நேற்றோடு மேடைக்கு விடை கொடுத்துவிட்டது. பாடகருக்கு எழுபது வயது; குரல் அப்படியே இருக்கிறது.

இருபது வருடமாகக் கடைசிப் பாட்டுக்கு முன்பே, "கூட்டத்துல மாட்டிக்குவோம், எந்திரி" என்று என்னை இழுத்து வருவீர்கள். நான் திட்டத் திட்ட, வண்டியைக் கிளப்பாமல் வெளியே நின்று தலையாட்டிக் கேட்பீர்கள்.

நேற்று இழுக்க ஆளில்லை. ஆனாலும் அதே நேரத்துக்கு எழுந்து வந்துவிட்டேன்.

"என்னம்மா, இன்னும் ஒரு பாட்டு இருக்கே?" என்றார் வண்டிகளைப் பார்த்துக்கொள்பவர்.

"இங்கேருந்து கேட்டுத்தாங்க பழக்கம்."

ஸ்கூட்டரில் சாய்ந்து முழுதாகக் கேட்டேன். உங்கள் ஹெல்மெட் இன்னும் அதில்தான் தொங்குகிறது.

இப்படிக்கு,
திட்டி முடிக்காதவள்